அந்தச் சொல்லில் ஏன் நின்றீர்கள்?

முதலில் மூன்று வாக்கியங்கள். அவசரமில்லாமல் வாசியுங்கள்.

கடல் அன்று அமைதியாக இருந்தது.
கடல் அன்று உறங்கிக் கிடந்தது.
கடல் அன்று நோன்பு பிடித்திருந்தது.

மூன்றிலும் செய்தி ஒன்றுதான்: அலை இல்லை. முதல் வாக்கியத்தில் கண் நிற்காமல் போயிருக்கும். இரண்டாவது அழகுதான், ஆனால் எத்தனையோ தடவை கேட்டது. மூன்றாவதில் ஒரு கணம் நின்றிருப்பீர்கள். எங்கே நின்றீர்கள், ஏன் நின்றீர்கள், நின்றபோது மனதில் என்ன வந்தது என்று கேட்டு அறிவதைத்தான் இலக்கிய நடைக்கு வாசகர் காட்டும் எதிர்வினையை ஆராய்வது என்கிறார்கள். பெயர்தான் பெரியது. வேலை ஒரு தாளும் பென்சிலும் கொண்டு செய்யக்கூடியது.

நடை என்றால் என்ன? சொல்ல வந்த செய்தியை நீக்கிவிட்டால் மிஞ்சுவது நடை என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல்லைத் தேர்ந்தார், வாக்கியத்தை எங்கே முறித்தார், எதைச் சொல்லாமல் விட்டார், எந்த ஊர்ப் பேச்சில் எழுதினார் என்பதெல்லாம் அதற்குள் வரும். இவற்றை ஆராயும் துறைக்கு நடையியல் (மொழியியல் கண்ணோடு இலக்கியத்தைப் பார்ப்பது) என்று பெயர்.

‘ரசனை ஆளுக்கு ஆள் வேறு, இதில் ஆராய என்ன இருக்கிறது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆளுக்கு ஆள் வேறுபடுவது உண்மை. எவ்வளவு வேறுபடுகிறது, எங்கே எல்லாரும் ஒன்றாக நிற்கிறார்கள் என்பதை யாராவது கேட்டுப் பார்த்தால்தானே தெரியும்?

கேட்டுப் பார்த்தவர்களில் பேர் பெற்றவர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ். 1920களில் கேம்பிரிட்ஜில் படிப்பித்தவர். கவிதைகளைக் கவிஞர் பெயரில்லாமல் மாணவர்களிடம் கொடுத்தார். ஒரு வாரம் வைத்திருந்து வாசித்து, மனதில் பட்டதை எழுதித் தரச் சொன்னார். அப்படி 13 கவிதைகளுக்கு வந்த குறிப்புகளை 1929இல் புத்தகமாக்கினார். ஆங்கில இலக்கியத்தையே பாடமாகப் படித்த பிள்ளைகளில் பலருக்குக் கவிதையின் நேர்ப்பொருளே பிடிபடவில்லை. பெயர் மறைந்ததும் ஜோன் டன், ஹொப்கின்ஸ் போன்றவர்களின் கவிதைகள்கூட அடி வாங்கின. பெரிய பெயரைப் பார்த்துத் தலையாட்டும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதை அந்தத் தாள்கள் காட்டிக்கொடுத்தன.

அது நம்மவர்களுக்கும் பொருந்துமா? சாதாரண தரத்தில் இலக்கிய நயம் எடுக்கும் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். ‘உவமை அணி சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது’, ‘எதுகை மோனை நயம் பொருந்தியுள்ளது.’ எந்தப் பாட்டுக்கும் பொருந்தும் பதில்கள். ரிச்சர்ட்ஸ் இதைத் தயார்நிலை எதிர்வினை (பாட்டை வாசிக்கும் முன்பே கையில் இருக்கும் பதில்) என்ற வகையில் சேர்த்திருப்பார். பிள்ளையைக் குறை சொல்லவில்லை. பிள்ளை எங்கே நின்றது என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இனி நம்முடைய ஊருக்கு வருவோம். கிழக்கிலங்கைக் கரையில் உள்ள கல்முனை இந்த ஆராய்ச்சிக்கு வாய்ப்பான இடம். சோலைக்கிளி எங்கள் ஊர்க் கவிஞர். ‘நானும் ஒரு பூனை’, ‘காகம் கலைத்த கனவு’, ‘பாம்பு நரம்பு மனிதன்’ என்று அவருடைய தொகுப்புகளின் பெயர்களே வாசகரை நிறுத்திவிடும். அவருடைய கவிதை புரியவில்லை என்பவர்களும் உண்டு. அதைத் தவிர வேறெதையும் வாசிக்கத் தோன்றவில்லை என்பவர்களும் உண்டு. அந்த இரண்டு கூட்டத்தாரும் ஒரே கடையில் தேநீர் குடிப்பார்கள்.

1988இல் வந்த அவருடைய தொகுப்பின் பெயர் ‘எட்டாவது நரகம்’. இரண்டே சொல். இதில் நடை எங்கே இருக்கிறது?

நீங்கள் இந்தக் கரையில் முஸ்லிம் வீட்டில் வளர்ந்தவர் என்றால் பதில் உங்களுக்கே தெரியும். ஓதப் போன பள்ளியில் சொல்லித் தந்தது: நரகம் ஏழு, சொர்க்கம் எட்டு. ஆகவே ‘எட்டாவது நரகம்’ என்றதும் இரண்டு தரம் அடி விழுகிறது. இல்லாத ஒரு நரகத்தை இவர் சொல்கிறார் என்பது ஒன்று. சொர்க்கத்துக்கு உரிய எண்ணை எடுத்து நரகத்துக்கு மாட்டிவிட்டார் என்பது மற்றது. பாகவத புராணமோ நரகங்களை 28 ஆக எண்ணுகிறது. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த தஞ்சாவூர்க்காரருக்கு எட்டாவது என்பது வரிசையில் வரும் ஓர் எண். அவருக்கும் தலைப்பு பிடிக்கலாம், ஆனால் வேறு காரணத்துக்காகப் பிடிக்கும்.

அப்படியானால் நடை இருப்பது எழுத்திலா, வாசகரிடமா? பாதிப் பாதி என்று சொன்னால் மழுப்புவது போலிருக்கும். எனக்குப் படுவது இது: பொறி எழுத்தில் இருக்கிறது, அதில் அகப்படும் கால் வாசகருடையது. கால் எந்த ஊரிலிருந்து நடந்து வந்தது என்று தெரியாமல் பொறியைப் பற்றிப் பேச முடியாது.

மேல்நாட்டு ஆய்வாளர்கள் பொறியின் பக்கத்தைக் கவனமாக அளந்திருக்கிறார்கள். வழக்கத்தை மீறும் சொல்லோ ஓசையோ தானாக முன்னே வந்து நிற்பதை முன்னிறுத்தல் என்கிறார்கள். 1986இல் வில்லி வான் பீர் ஆறு கவிதைகளைப் பலரிடம் கொடுத்து, கண்ணில் பட்ட இடங்களில் கோடு போடச் சொன்னார். முன்னிறுத்தல் மிகுந்த வரிகளில்தான் கோடுகளும் மிகுந்தன. இலக்கியப் பயிற்சி உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் அதில் பெரிதாகத் தெரியவில்லை. 1994இல் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மயலும் டொன் குய்க்கனும் சிறுகதைகளைத் துண்டு துண்டாகக் கணினித் திரையில் காட்டி, ஒவ்வொரு துண்டிலும் வாசகர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று அளந்தார்கள். முன்னிறுத்தல் மிகுந்த துண்டுகளில் வாசிப்பு மெதுவாகியது, உணர்ச்சியும் கூடியது.

இதைக் கேட்டுவிட்டு, படிப்புக்கு வேலையே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நிற்கும் இடம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். நின்ற பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் படிப்பும் ஊரும் அனுபவமும் வருகின்றன.

நோன்பு பிடித்த கடலுக்குத் திரும்புவோம். அந்த வாக்கியத்தை மூன்று பேரிடம் கொடுத்ததாக நினையுங்கள். ஒருவருக்கு றமழான் மாதத்து லுஹர் (நண்பகல் தொழுகை) நேரத் தெரு நினைவுக்கு வரும்: கடைகள் பாதி சாத்தியிருக்கும், பேச்சு குறைந்திருக்கும். அவருக்கு அது சாந்தமான வாக்கியம். இன்னொருவருக்குப் பசி நினைவுக்கு வரும். நோன்பு பிடித்தவர் மஃரிபுக்கு நோன்பு திறப்பார் அல்லவா? அப்படியானால் இந்தக் கடல் எதைத் தின்று திறக்கப் போகிறது? அவருக்கு அது பயமான வாக்கியம். மூன்றாமவர் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ இருந்தவர். அவர் வாக்கியத்தை முடிக்காமலே தாளைக் கீழே வைத்துவிடக்கூடும்.

ரிச்சர்ட்ஸ் இந்த மூன்றாமவரை என்ன செய்திருப்பார்? பாட்டுக்குச் சம்பந்தமில்லாத சொந்த நினைவு குறுக்கே வருவதை வாசிப்புக் குறைகளில் ஒன்றாக அவர் எண்ணியிருக்கிறார். சிறுவயதில் கேட்ட பாட்டு, பழைய காதல் என்பவற்றுக்கு அது சரி. ஆனால் ஒரு கரை முழுவதற்கும் பொதுவான நினைவைச் சம்பந்தமில்லாதது என்று தள்ளிவிட முடியுமா? இந்தப் பக்கத்தில் எழுதுகிறவர் யாரும் ‘கடல்’ என்ற சொல்லை 2004க்கு முந்திய சொல்லாக இனி எழுத முடியாது. இந்த இடத்தில் நான் ரிச்சர்ட்ஸோடு ஒத்துப்போகவில்லை.

ஊர்ப் பேச்சில் எழுதினால் வாசகர் எப்படி எடுத்துக்கொள்கிறார்? இது நமக்குப் புதிய கேள்வி அல்ல. 1960களின் தொடக்கத்தில் இலங்கையில் இதற்காக ஒரு சண்டையே நடந்தது. கதைகளில் பேச்சுத் தமிழ் வருவதைப் பண்டிதர் பக்கம் ‘இழிசனர் வழக்கு’ என்றது. விமர்சகர்களான கைலாசபதி, சிவத்தம்பி முதலியோர் மறுபக்கம் நின்றார்கள். மரபுப் போராட்டம் என்று அதற்குப் பெயர் வந்தது. நடை பற்றிய வாசகர் எதிர்வினை பத்திரிகையிலும் மேடையிலும் அனல் பறந்த காலம் அது. ஒரே குறை, இரு பக்கத்தாரும் வாசகரின் பெயரால் பேசினார்களே தவிர, வாசகர் கையில் பென்சிலைக் கொடுக்கவில்லை.

கொடுத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஒரு சின்ன உதாரணம். ‘மறுகா காக்கா வந்தார்’ என்று ஒரு கதை தொடங்குகிறது. மறுகா என்றால் பிறகு. காக்கா என்பது எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரனைக் கூப்பிடும் முறை. யாழ்ப்பாணத்து வாசகர் மறுகாவில் நிற்பார். சென்னை வாசகர் மரியாதையோடு நடந்து வரும் ஒரு காகத்தைக் கற்பனை செய்வார். கல்முனைக்காரர் நிற்கமாட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவரும் நிற்பார். வீட்டில் பேசுவதை அச்சில் பார்க்கும்போது சிலருக்குச் சந்தோஷம், சிலருக்குக் கூச்சம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ‘அண்ணன்’ என்றே வாசித்துப் பழகிய கண் அது.

சரி, நீங்களே செய்து பார்க்க வேண்டுமானால் எப்படி? ஒரு கவிதையையோ கதையின் ஒரு பக்கத்தையோ எடுங்கள். பெயரையும் ஆண்டையும் மறையுங்கள். வரிகளுக்கிடையே நிறைய இடம் விட்டுத் தட்டச்சு செய்து, போட்டோக் கொப்பி எடுங்கள். பத்துப் பதினைந்து பேர் போதும். ஒரு வகுப்போ, நூலகத்து வாசகர் வட்டமோ, பெருநாள் அன்று வீட்டுக்கு வந்த சொந்தக்காரரோ யாராகவும் இருக்கலாம். முதல் வாசிப்பில் கையில் பென்சில் வேண்டாம். இரண்டாவது வாசிப்பில், நின்ற இடத்துக்கு நேர்கோடு, விளங்காத இடத்துக்கு நெளிகோடு, எரிச்சல் வந்த இடத்துக்கு ஒரு புள்ளடி. அதுவரை யாரும் யாரோடும் பேசக் கூடாது. கடைசியில் ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுத வேண்டும்: எந்தக் கோடு முக்கியமானது, அங்கே மனதில் என்ன வந்தது.

உணர்ச்சியை எப்படிக் கேட்பது? ‘பிடித்ததா?’ என்று கேட்டால் ‘நல்லாயிருக்கு’ என்றுதான் பதில் வரும், அதில் ஒன்றும் கிடைக்காது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை (உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவது) வரிசைப்படுத்தித் தந்திருக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இளிவரல் என்றால் அருவருப்பு, மருட்கை என்றால் வியப்பு, வெகுளி என்றால் கோபம் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு நேர்கோட்டுக்கும் இந்த எட்டில் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே சொல்லுக்கு நாலு பேர் அச்சம் என்றும் மூன்று பேர் நகை என்றும் எழுதினால் அன்றைய பேச்சு சூடாக இருக்கும்.

‘ஆட்கள் உண்மையாக எழுதுவார்களா?’ நல்ல சந்தேகம். சேர் என்ன விரும்புவார் என்று பார்த்து எழுதுகிற பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கிறது. தாளில் பெயர் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். நீங்கள் முதலில் வாயைத் திறந்துவிட்டால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் உங்கள் எதிரொலிதான்.

கோடுகளை எண்ணி என்ன செய்வது? பெரும்பாலானோர் நின்ற இடம் எழுத்தைப் பற்றிச் சொல்கிறது. ஒருவர் மட்டும் நின்ற இடம் அந்த வாசகரைப் பற்றிச் சொல்கிறது. இரண்டாவதைத் தூக்கி வீசிவிடாதீர்கள், சில நேரம் அதுதான் கூர்மையான வாசிப்பு. பிறகு மாற்றிப் பார்க்கும் சோதனை. எல்லாரும் நின்ற சொல்லை எடுத்துவிட்டுச் சாதாரணச் சொல் ஒன்றைப் போடுங்கள். ‘நோன்பு பிடித்திருந்தது’ இருந்த இடத்தில் ‘அமைதியாக இருந்தது’. அதை முன்பு வாசிக்காத வேறு பத்துப் பேரிடம் கொடுங்கள். கோடுகள் மறைந்தால் வேலை செய்தது அந்தச் சொல்தான். மறையவில்லை என்றால் காரணம் பக்கத்தில் எங்கோ இருக்கிறது, தேடுங்கள்.

வாசிக்கத் தெரியாதவர்களை விட்டுவிடுவதா? வேண்டாம். இந்தக் கரையில் கவி என்பது பெண்கள் வாயிலும் காதிலும் வைத்துக் காப்பாற்றியது. உங்கள் மூத்தம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் இடைமறித்து ‘என்ன சொன்னாய், திரும்பச் சொல்லு’ என்று கேட்கும் இடம்தான் அவருடைய கோடு. வாசிக்கத் தெரிந்தவர்களையும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கைத்தொலைபேசியில் பதிந்துவையுங்கள். கண் எங்கே நின்றது என்பதை ஆள் மறைக்கலாம், மூச்சு எங்கே நின்றது என்பதை மறைப்பது கடினம்.

மூச்சு என்றதும் ஒரு விஷயம். அளவெட்டியில் பிறந்த ‘மஹாகவி’ உருத்திரமூர்த்தி (1927–1971) பழைய யாப்பில் (பாட்டின் இலக்கண அமைப்பு) எழுதினார். ஆனால் அடி முடிகிற இடத்தில் வரியை முடிக்காமல், பேச்சு நிற்கிற இடத்தில் முறித்து அச்சிட்டார். அவருடைய பேச்சோசையை எடுத்து விளக்கியவர்களில் முக்கியமானவர் கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த கவிஞரும் மொழியியலாளருமான எம். ஏ. நுஃமான். வரி முறிப்பு வாசகரை எப்படி மாற்றுகிறது என்று பார்க்க, நானே கட்டிய ஒரு குறள் வெண்பா:

கரைவலையில் வந்தது வெண்ணிலவு மட்டும்
கரையெல்லாம் காத்த உலை

இப்படி வாசித்தால் நாக்கு திருக்குறள் ஓட்டத்தில் ஓடிப்போய்விடும். இனி இப்படி:

கரைவலையில் வந்தது
வெண்ணிலவு மட்டும்.
கரையெல்லாம்
காத்த உலை.

ஒரு சொல்கூட மாறவில்லை. ‘வந்தது’ என்று நிற்கும்போது மீனை எதிர்பார்க்கிறோம், அடுத்த வரியில் கிடைப்பது நிலவு. கடைசி வரியில் அடுப்புகளில் கொதித்துக் காத்திருக்கும் உலை தனியாக நிற்கிறது. இரண்டு வடிவத்தையும் இரண்டு கூட்டத்திடம் கொடுத்துப் பாருங்கள். உலையில் எந்தக் கூட்டம் அதிகம் கோடு போடுகிறது என்று எண்ணுங்கள்.

இதனால் பரீட்சைக்கு என்ன லாபம் என்று பெற்றோர் கேட்பார்கள். பரீட்சகர் அணியின் பெயரைத்தான் கேட்கிறார், அதை மறுக்கவில்லை. வரிசையை மட்டும் மாற்றுங்கள். பிள்ளை முதலில் கோடு போடட்டும். கோடு விழுந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று தன் சொல்லில் சொல்லட்டும். பிறகு அதற்கு உவமையா, உருவகமா என்று நீங்கள் பெயர் கொடுங்கள். இரண்டு பேர் ஒரே பதிலை எழுதும் வாய்ப்பு அப்போதே குறைந்துவிடும்.

நீங்கள் எழுதுகிறவர் என்றால் லாபம் இன்னும் நேரடியானது. அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு தாள் போதும். ஒன்று உங்கள் தெருவில் இருப்பவருக்கு, மற்றது உங்கள் ஊர்ப் பக்கமே வராத ஒருவருக்கு. இருவரும் நேர்கோடு போட்ட இடத்தில் கை வைக்காதீர்கள். வெளியூர்க்காரர் மட்டும் நெளிகோடு போட்ட இடத்தில், அடிக்குறிப்புப் போடுவதா, அடுத்த வாக்கியத்திலேயே பொருள் தெரியும்படி செய்வதா, அவர் சற்றுத் தடுக்கட்டும் என்று விடுவதா என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டும். நானாக இருந்தால் ‘மறுகா’வை அப்படியே விடுவேன், இரண்டு தரம் வந்தால் யாருக்கும் விளங்கிவிடும். ‘காக்கா’வுக்கு மட்டும் ‘மூத்தவர்’ என்று ஒரு சொல் பக்கத்தில் வைப்பேன். காகம் உள்ளே நுழைந்தால் துக்கக் கதையும் சிரிப்புக் கதையாகிவிடும்.

உள்ளூர்க்காரர் நெளிகோடு போட்ட இடங்களை என்ன செய்வது? அவற்றைச் சத்தமாக உங்களுக்கு நீங்களே வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் நீங்களும் அங்கே தடுக்குவீர்கள்.